அந்த நாற்பது ஆண்டு மௌனம் யாருடையது?

2015 பிப்ரவரி 27 அன்று லண்டனின் சதர்க் கிரவுன் நீதிமன்றம் எழுபது வயது ஆண் ஒருவருக்கு 16 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 1975க்கும் 1980க்கும் இடையில் மூன்று சிறுமிகள்மீது அவர் நிகழ்த்திய பாலியல் குற்றங்களுக்கான தண்டனை அது. அவருடைய பெயர் பால் ஃபிரான்சிஸ் கேட். உலகம் அவரை அறிந்தது கேரி கிளிட்டர் என்ற மேடைப்பெயரில்.

இந்த வழக்கைப் பற்றி எங்கே பேசினாலும் ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: "நாற்பது வருஷம் ஏன் சும்மா இருந்தாங்க?" வகுப்பில் மாணவிகள் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் நன்கு படித்த பெண்களும் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது; பேசாமல் இருந்தது அந்தப் பெண்களின் குறை என்னும் தீர்ப்பு.

ஒரு பாடகரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, அந்தந்த ஆண்டில் ஒரு சிறுமி வாய்திறந்திருந்தால் யாருடைய காது திறந்திருக்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் செய்ய நினைப்பது.

மினுக்கும் மேடையும்

பால் கேட் 1944இல் இங்கிலாந்தின் பேன்பரி நகரில் பிறந்தவர். 1960இல் பால் ரேவன் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பெயர்களை மாற்றினார், பாணிகளை மாற்றினார், யாரும் கவனிக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கிளாம் ராக் என்னும் அலை எழுந்தது. 1971இல் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புப் பொடி பூசிக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றினார். 1972இல் டேவிட் போவி சிவப்புத் தலைமுடியோடும் வண்ண உடையோடும் வந்தார். ஆண்கள் மை தீட்டிக்கொண்டார்கள், சரிகை உடுத்தினார்கள், உயர்ந்த அடிப்பாகம் கொண்ட காலணி போட்டுக்கொண்டார்கள். ஆண்மை என்பதும் ஒரு வேடம்தான், வேண்டுமானால் கழற்றிவிடலாம் என்கிற நம்பிக்கையை அந்த அலை பலருக்குத் தந்தது. பாலினம் பற்றி எழுதுபவர்கள் கிளாம் ராக்கை இன்றும் பிரியத்தோடு நினைவுகூர்வதற்குக் காரணம் இதுதான்.

அந்த அலையில்தான் பால் கேட் கேரி கிளிட்டர் ஆனார். தயாரிப்பாளர் மைக் லியாண்டரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ராக் அண்ட் ரோல்' 1972இல் வெளிவந்தது. இரு பகுதிகளாக இருந்த அந்தப் பாட்டின் இரண்டாம் பகுதியில் சொற்களே அநேகமாகக் கிடையாது. கனத்த மேளமும் கைதட்டலும் ஒரு கூச்சலும்தான். வானொலியைவிட டிஸ்கோ அரங்குகள் அதை முதலில் பிடித்துக்கொண்டன. பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. அங்கிருந்து 1975 வரை வரிசையாகப் பதினொரு பாடல்கள் முதல் பத்துக்குள் வந்தன. அவற்றில் மூன்று முதலிடம் பிடித்தன. 1973இல் முதலிடம் பிடித்த முதல் பாட்டின் தலைப்பிலேயே அவர் தன்னைக் கூட்டத்தின் தலைவன் என்று அறிவித்துக்கொண்டார்.

போவியும் போலனும் மினுக்கைக் கொண்டு ஆண்மையைக் கேள்வி கேட்டார்கள் என்றால், கிளிட்டர் அதே மினுக்கைப் பழைய ஆண்மைக்கு மேல்பூச்சாக்கினார். திறந்த மார்பு, அகன்ற தோள், விரிந்த கண், கட்டளையிடும் விரல். பெரியவர்கள் அவரைக் கோமாளியாகப் பார்த்துச் சிரித்தார்கள். குழந்தைகள் கொண்டாடினார்கள். கோமாளியிடம் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. அவர் ஆபத்தில்லாதவர், குடும்பத்தோடு பார்க்கத்தக்கவர் என்ற பிம்பம் இப்படித்தான் உருவானது. வேடம் ஆண்களை விடுவிக்கும் என்று நம்பும் நாம், வேடம் ஒருவரை மறைக்கவும் செய்யும் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

படுக்கையறைச் சுவர்

அவருடைய இசைத்தட்டுகளை வாங்கியவர்களில் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகள் ஏராளம். கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கினார்கள். வார இதழ்களோடு வந்த படங்களைச் சுவரில் ஒட்டினார்கள்.

இந்தச் சிறுமிகளைப் பற்றி அன்றைய ஆய்வுலகில் பேச்சே இல்லை. தெருமுனையில் கூடும் இளைஞர்களைப் பற்றித்தான் சமூகவியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1970களின் நடுவில் எழுதிய கட்டுரை ஒன்று அந்த மௌனத்தை உடைத்தது. தெரு ஆண்பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்தது. சிறுமிகளுக்குக் கிடைத்தது படுக்கையறை. அங்கே தோழிகளோடு பாட்டுக் கேட்பது, படம் ஒட்டுவது, ரகசியமாகச் சிரிப்பது எல்லாம் அவர்களுக்கான பண்பாடு என்று அவர்கள் காட்டினார்கள். எட்டாத ஒரு பாடகனை விரும்புவதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. சுவரில் இருக்கும் ஆண் கையை நீட்ட மாட்டான், அவமானப்படுத்த மாட்டான், ஊரில் பேர் கெடுக்க மாட்டான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். ரசிகையாக இருந்த சிறுமியை நம் ஊரிலும் சுலபமாகப் பழிக்கிறோம். 'அவள் ஏன் அங்கே போனாள், அம்மா ஏன் அழைத்துப்போனாள்' என்று கேட்கிறோம். ஒரு காகிதப் படத்தின்மீது ஆசை வைக்கும் உரிமை பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு உண்டு. அது அவள் வளர்வதன் ஒரு பகுதி. அந்த ஆசையைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ள வளர்ந்த ஆணுக்கு எந்த உரிமையும் கிடையாது. கேரி கிளிட்டரின் வழக்கில் நடந்தது இந்தக் கோட்டை மீறியதுதான்.

2015இல் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டவை இவை: பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் இருவரை அவர் மேடைக்குப் பின்னால் உள்ள ஒப்பனை அறைக்கு வரவழைத்தார், கூட வந்த அம்மாக்களிடமிருந்து பிரித்தார். அவர்களுக்கும் முன்னால், 1975இல், பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியின் படுக்கையில் நுழைந்து வல்லுறவுக்கு முயன்றார். இதற்கு மேல் விவரிக்க நான் விரும்பவில்லை. அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். நாம் அதைச் சுவைக்கு எடுத்துப் பேசத் தேவையில்லை.

அம்மாக்கள் கூடவே இருந்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பாதே என்று நமக்குச் சொல்லித்தரப்பட்ட ஒரே பாதுகாப்பு விதியை அந்தத் தாய்மார் கடைப்பிடித்திருந்தார்கள். ஒரு நட்சத்திரத்தின் மரியாதையான அழைப்புக்கு முன்னால் அந்த விதி சில நிமிடங்களில் தளர்ந்துபோனது. விதியின் எல்லை அவ்வளவுதான்.

1975இன் சட்டம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 1975இல் அந்தச் சிறுமி பேசியிருந்தால்?

இங்கிலாந்துச் சட்டத்தில் அன்று சத்தியப்பிரமாணம் எடுக்கும் பக்குவமில்லாத சிறு குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. வேறொரு சான்று அதை உறுதிப்படுத்த வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு வேறு சான்று எங்கே கிடைக்கும்? 1988இல் வந்த சட்டம்தான் இந்தத் தடையை நீக்கியது.

கொஞ்சம் பெரிய பெண்ணாக இருந்தால் நிலைமை மேலா? அதுவும் இல்லை. பாலியல் வழக்குகளில் புகார் சொல்பவரின் வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்தானது என்று நீதிபதி ஜூரிகளை எச்சரித்தே ஆகவேண்டும். திருட்டு வழக்கில் இப்படியோர் எச்சரிக்கை கிடையாது. பணப்பையைப் பறிகொடுத்தவரை நம்பலாம். உடல் மீறப்பட்டவரை நம்புவது ஆபத்து. இந்தக் கட்டாய எச்சரிக்கை ஒழிந்தது 1994இல்.

பெயர் வெளியே வராது என்ற உறுதியும் அன்று இல்லை. வல்லுறவுப் புகார் தருபவரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற சட்டம் இங்கிலாந்தில் 1976இல்தான் வந்தது. மற்ற பாலியல் குற்றங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு நீள 1992 ஆனது. குழந்தைகள் தாங்களாகவே அழைத்துப் பேசக்கூடிய சைல்ட்லைன் தொலைபேசிச் சேவை தொடங்கியது 1986இல். லண்டனில் முதல் வல்லுறவு உதவி மையத்தைப் பெண்ணியவாதிகள் திறந்ததே 1976இல்தான்.

இந்த ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1976, 1986, 1988, 1992, 1994. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெண்கள் கூடிப் பேசியதும், எழுதியதும், சட்டம் இயற்றுபவர்களை விடாமல் நச்சரித்ததும் இருக்கின்றன. அந்த மூன்று சிறுமிகளும் குழந்தைகளாக இருந்த காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை பிறக்கவே இல்லை. மௌனம் அவர்களுடையது மட்டுமாக இருந்திருந்தால், அதை உடைக்க இத்தனை சட்டங்களை மாற்ற வேண்டியிருந்திருக்குமா?

பழுதுபார்க்க வந்த கணினி

1970களின் இறுதியில் கிளிட்டரின் புகழ் மங்கியது. ஓய்வு அறிவித்தார், திரும்பி வந்தார், திவாலானார், மறுபடி வந்தார். 1980களில் பழைய நினைவுகளின் செல்லப் பொருளானார். இளைஞர்களுக்கான ரயில் சலுகை அட்டைக்குப் பிரிட்டிஷ் ரயில்வே எடுத்த விளம்பரத்தில் அவர் நடித்தார். 1984இல் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு மறுபடி முதல் பத்துக்குள் கொண்டுபோனது. 1991இல் தன்வரலாறு வெளிவந்தது. குற்றங்கள் நடந்து முடிந்து பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தன. அந்த மூன்று பெண்களும் வளர்ந்து, அவரைத் தொலைக்காட்சியிலும் கடைகளிலும் கேட்டபடி வாழ்ந்திருப்பார்கள்.

1997 நவம்பரில் அவர் தன் கணினியைப் பிரிஸ்டல் அருகே ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தார். அதைத் திறந்த பணியாளர் குழந்தைகள்மீதான பாலியல் வன்முறைப் படங்களைக் கண்டு தகவல் சொன்னார். 1999இல் அத்தகைய படங்கள் தொடர்பான 54 குற்றச்சாட்டுகளைக் கிளிட்டர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை நான்கு மாதம். அதில் பாதியைச் சிறையில் கழித்துவிட்டு வெளியே வந்தார்.

அதே சமயம் இன்னொரு வழக்கும் நடந்தது. தன் பதின்வயதில் அவர் தன்னிடம் குற்றம் புரிந்ததாக ஒரு பெண் சாட்சி சொன்னார். அதில் ஜூரிகள் கிளிட்டரை விடுவித்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் மறுவிசாரணை செய்யப்போவதில்லை. ஆனால் விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தியை எந்தப் பெண்ணியவாதியும் மறக்கக் கூடாது. நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் என்ற ஞாயிறு இதழ் அவர் கதைக்காக 10,000 பவுண்டு கொடுத்திருந்தது. கிளிட்டருக்குத் தண்டனை கிடைத்தால் மேலும் 25,000 தருவதாகவும் ஒப்பந்தம். நீதிபதி இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

பெண்ணின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்ட பத்திரிகை, அவர் சொல்லின் மீதே விலைச்சீட்டை ஒட்டிவிட்டது. காசுக்காகச் சொல்கிறாள் என்ற பழைய வசையைப் பிரதிவாதித் தரப்பு தேட வேண்டியதே இல்லாமல் போயிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் தருகிறோம் என்று வருபவர்களின் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

வுங் தாவ்

பிரிட்டனில் முகம் காட்ட முடியாத நிலையில் கிளிட்டர் கம்போடியாவுக்குப் போனார். அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு வியட்நாமின் கடலோர ஊரான வுங் தாவில் குடியேறினார். 2005 நவம்பரில் நாட்டைவிட்டுக் கிளம்ப முயன்றபோது ஹோ சி மின் நகர விமான நிலையத்தில் பிடிபட்டார். 2006 மார்ச்சில், பத்து, பதினொரு வயதுள்ள இரு சிறுமிகளிடம் ஆபாசச் செயல் புரிந்ததாக நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. குழந்தையை வல்லுறவு செய்தால் மரண தண்டனைவரை போகக்கூடிய சட்டம் அங்கே இருந்தது; போதிய சான்று இல்லை என்று அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. விசாரணைக்கு முன் சிறுமிகளின் குடும்பங்களுக்குத் தலா 2,000 டாலர் கொடுத்திருந்தார். குடும்பங்கள் இரக்கம் காட்டும்படி கேட்டுக்கொண்டன.

அந்தக் குடும்பங்களைக் குறைசொல்ல நான் தயாராக இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு 2,000 டாலர் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாத கணக்கா? கிராமப் பஞ்சாயத்தில் 'பேசி முடித்துவிட்ட' கதைகளை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். வறுமைதான் அங்கே பேரம் பேசியது. லண்டனில் ஒரு மேடை செய்த வேலையை வுங் தாவில் ஒரு நாணயத்தின் மதிப்பு செய்தது. புகழ் தீர்ந்துபோன இடத்தில் பவுண்டும் வெள்ளைத்தோலும் புகழுக்குப் பதிலாக நின்றன.

2008 ஆகஸ்டில் விடுதலையானபோது தாய்லாந்து அவரை உள்ளே விட மறுத்தது, ஹாங்காங்கும் மறுத்தது. கடைசியில் லண்டனுக்கே வந்து சேர்ந்தார். அந்தச் சில நாட்கள் அவர் எந்த விமானத்தில், எந்த நிலையத்தில் என்பதை உலகச் செய்திகள் ஓயாமல் பின்தொடர்ந்தன. இரண்டு சிறுமிகள் அப்போது எங்கே இருந்தார்கள், பள்ளிக்குப் போனார்களா, ஊர் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்தது என்பதெல்லாம் யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

கதவு திறந்த விதம்

2011இல் பிரிட்டனின் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி சவில் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில், அவரால் சிறு வயதில் பாதிக்கப்பட்ட பெண்கள் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பேசினார்கள். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் காவல்துறையை அணுகினார்கள். ஆபரேஷன் யூட்ரீ என்ற விசாரணை தொடங்கியது. அதில் முதலில் கைதானவர் கேரி கிளிட்டர். அந்த விசாரணையின் வழியாகவே மூன்று பெண்களின் வழக்கு நீதிமன்றத்தை எட்டியது.

கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லாததால் இங்கிலாந்தில் நாற்பதாண்டு கழித்தும் வழக்குத் தொடுக்க முடிந்தது. ஒருத்தி பேசினால் சந்தேகம். பத்துப் பேர் பேசினால் செய்தி. நூறு பேர் பேசினால்தான் விசாரணை. முதலில் பேசியவள் நம்பப்பட்டிருந்தால் பின்னால் வந்த பலருக்கு அந்த அனுபவமே நேர்ந்திருக்காது.

அதே 2012இல், நவம்பர் 14 அன்று, இந்தியாவில் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ சீருடை இல்லாமல் பதிவுசெய்ய வேண்டும், நீதிமன்றத்தில் குழந்தையை மிரட்டிக் கேள்வி கேட்கக் கூடாது, அடையாளத்தை வெளியிடக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் 2012க்கு முன்பு குழந்தையாக இருந்த நம் தலைமுறைப் பெண்களிடம் 'அப்போதே ஏன் சொல்லவில்லை' என்று கேட்பவர்கள், அந்த 'அப்போது' என்ன சட்டம் இருந்தது என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

பாட்டை என்ன செய்வது?

2019இல் 'ஜோக்கர்' படத்தில் நாயகன் படிக்கட்டில் ஆடும் காட்சியில் 'ராக் அண்ட் ரோல்' இரண்டாம் பகுதி ஒலித்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "மேம், எனக்கு அந்தப் பாட்டு பிடிச்சுப்போச்சு. யாருதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. இப்ப நான் என்ன பண்ணணும்?"

அமெரிக்க விளையாட்டரங்குகளில் பல்லாண்டுகள் வெற்றிக் கூச்சலாக ஒலித்த பாட்டு அது. வியட்நாம் தண்டனைக்குப் பிறகு 2006இல் அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் அதை நிறுத்தும்படி அணிகளைக் கேட்டுக்கொண்டது. 'ஜோக்கர்' வந்தபோது, அவருக்கு இதனால் பணம் போகாது என்று உரிமை வைத்திருக்கும் நிறுவனம் விளக்கம் சொன்னது. பழைய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிகளை மறுஒளிபரப்பும்போது பிபிசி அவரைத் தவிர்க்கிறது.

நான் அந்த மாணவியிடம் பாட்டைக் கேட்காதே என்று சொல்லவில்லை. அவளுடைய கால் தாளம் போட்டது குற்றமில்லை. பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பது நல்ல கேள்வி, ஆனால் அது மட்டும் போதாது. தன் சிறுவயதைச் சிதைத்தவனின் குரல் ஒரு கடையில், ஒரு கல்யாண வீட்டில், ஒரு திரையரங்கில் முன்னறிவிப்பின்றி ஒலிக்கும்போது அங்கே நிற்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதே என் கேள்வி. பொது இடத்தில் ஒலிக்கவிடுபவர்கள் பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு. அதே நேரத்தில் வரலாற்றுப் பதிவிலிருந்து அவரை முழுக்கத் துடைத்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆளைத் துடைத்துவிட்டால், அவரை ஏற்றிவைத்த தொலைக்காட்சியும் பத்திரிகையும் இசை வணிகமும் சேர்ந்தே துடைக்கப்பட்டு சுத்தமாகிவிடும்.

பெயரில்லாதவர்களின் வரலாறு

கிளிட்டர் 2023 பிப்ரவரியில் தண்டனையின் பாதியை முடித்து வெளியே வந்தார். விடுதலை நிபந்தனையை மீறியதால் மறு மாதமே திரும்பச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 2024இல் அவரைப் பரோலில் விட வாரியம் மறுத்தது. அதே ஆண்டு, பன்னிரண்டு வயதில் அவரால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 5 லட்சம் பவுண்டுக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமை அவருடைய உழைப்பையும் வாழ்க்கையையும் எவ்வளவு குலைத்தது என்பதை நீதிமன்றம் ரூபாய் அணா பைசாவில் கணக்கிட்டுச் சொன்னது. வுங் தாவின் 2,000 டாலரை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு குழந்தைமையின் மதிப்பு அவள் பிறந்த ஊரைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பது புரியும். 2025இல் அந்தத் தொகையைக் கட்டாததால் அவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டார்.

பெண்ணிய வரலாறு எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. மறக்கப்பட்ட பெண்களின் பெயர்களை மீட்பதுதான் நம் வேலை என்று நாம் பழகியிருக்கிறோம். இந்தப் பெண்களின் பெயர்களை மீட்கக் கூடாது. பெயரின்மை இவர்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் குற்றவாளியின் பெயர்தான் நிரம்பியிருக்கிறது. எழுதும்போது அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பெயர் சொல்லாமல் அவர்களை வரலாற்றில் நிறுத்த எனக்குத் தெரிந்த வழி, அவர்கள் செய்ததைச் சொல்வதுதான். குழந்தைகளாக இருந்தபோது எந்தச் சட்டமும் அவர்களுக்காகக் காது கொடுக்கவில்லை. ஐம்பதை நெருங்கியும் தாண்டியும் இருந்த வயதில் அவர்கள் லண்டனில் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். அந்நியர்கள் முன்னிலையில் எட்டு, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுகளுக்குத் திரும்பிப் போனார்கள். குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பன்னிரண்டு ஜூரிகள் அவர்களை நம்பினார்கள்.

இனி யாராவது 'ஏன் இத்தனை வருஷம்' என்று கேட்டால், எந்த வருஷம், அந்த வருஷத்தில் என்ன சட்டம், கேட்பதற்கு யார் இருந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய பக்கம் அதுதான்.